ஆணி இறங்கவில்லை என்றால் காற்றைக் கூட்டாதீர்கள்

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு பேலட் ஷெட் இருக்கிறது. பேலட் என்றால் சரக்கை அடுக்கித் தூக்குவதற்கான மரத் தட்டு. என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போன பிறகு நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் இருந்த காலத்தில் எல்லாமே சுத்தியல் வேலை. தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் ஆர்டர் கிடைத்ததும், சுத்தியலை நம்பினால் தேதிக்குள் முடியாது என்று சுருளாக வரும் ஆணியைக் காற்று விசையால் அடிக்கிற காயில் கன் மூன்றும் 3 ஹெச்.பி. கம்ப்ரஸர் ஒன்றும் எடுத்தோம். நகையை அடகு வைத்து எடுத்த பணம். கடையில் பெட்டியைக் கையில் கொடுத்தவர், "அப்பப்ப ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கம்மா, அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில் உதிரி பாகம், கூலி, பார்சல், கம்பெனிக்காரர்கள் பில்லில் பிடித்த தொகை எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய்க்குப் பக்கத்தில் போயிற்று. பேக்கிங் பெட்டி அடிப்பவர்கள், சோபா வேலை பார்ப்பவர்கள், இன்டீரியர் தச்சர்கள் என்று காற்றுக் கன்னை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இதில் ஏதாவது உதவும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஆள் இல்லை.

கன்னுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். உள்ளே ஒரு சிலிண்டர், அதில் பிஸ்டன், பிஸ்டனின் அடியில் நீளமாக ஒரு எஃகுத் தகடு. அதை எங்கள் ஷெட்டில் பிளேடு என்போம். ட்ரிகரை அழுத்தியதும் தலைப்பக்கத்து வால்வு திறந்து, காற்று மொத்தமாகப் பிஸ்டன்மேல் பாய்கிறது. பிளேடு ஆணித் தலையைக் குத்தி மரத்துக்குள் அனுப்புகிறது. பிஸ்டன் கீழே வந்து முட்டுகிற இடத்தில் ரப்பர் மாதிரித் தடித்த யூரித்தேன் வளையம் ஒன்று இருக்கும், அதுதான் பம்பர். ட்ரிகரை விட்டதும், சிலிண்டரைச் சுற்றி ஒதுங்கி நின்ற காற்று கீழிருந்து பிஸ்டனை மேலே தள்ளி, அதே இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. கண் இமைக்கிற நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். இதில் தேய்வது காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகள், பம்பர், பிளேடின் முனை, காயிலிலிருந்து ஆணியை ஒவ்வொன்றாக இழுத்துத் தருகிற சின்னக் கொக்கி, அதன் ஸ்பிரிங். வெளி உடம்பு லேசில் கெடாது. அதனால் ஒரு கன் கெட்டுவிட்டது என்றால், பெரும்பாலும் இந்தச் சின்னச் சாமான்களில் ஏதோ ஒன்று போய்விட்டது என்றுதான் பொருள்.

முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும்தான் ஆரம்பித்தது. பேலட்டின் மேல் பலகை 22 மில்லி, அதில் 50 மில்லி ரிங் ஆணி அடிக்கிறோம். காலையில் அடித்த பேலட்டில் தலைகள் பலகையோடு சமமாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் அங்கங்கே தலை தூக்கி நிற்கும். ஆள் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியிருக்கும். அப்படித் தட்டுவதற்கு எதற்குக் கன்? எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி வேலையில் கெட்டிக்காரர், முப்பது வருஷ அனுபவம். ஆனால் அவருக்கும் கன் புதுசு. "காத்து பத்தலம்மா, கூட்டி வச்சாத்தான் இறங்கும்" என்று, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரைத் திருகினார். ஆணி இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் மறுபடி தூக்கியது, மறுபடி கூட்டினார்கள். கன் வாங்கிய கடைக்குப் போன் போட்டால் அவர்களும் "பிரஷரை ஏத்தி வைங்க" என்றுதான் சொன்னார்கள்.

இப்படி ஏற்றிக்கொண்டே போனதில் ஒரு நாள் முதல் கன்னின் பிஸ்டன் மேலும் கீழும் போகாமல் நின்றுவிட்டது. ஆணி வெளியே வருகிற மூக்குப் பகுதியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாக ஏதோ உதிர்ந்தது. பார்சலில் கோயம்புத்தூருக்கு, ஒரு சர்வீஸ் கடைக்கு அனுப்பினேன். பிஸ்டன் செட் மொத்தமாக மாற்றி, ஓ ரிங் கிட் போட்டு, லேபரோடு 4,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. திரும்பி வந்த கன் மூன்று வாரம்கூட ஓடவில்லை, அதே கோளாறு. இதற்குள் இரண்டாவது கன்னில் காற்றுக் கசிவு, மூன்றாவதில் ஆணி குறுக்கே சிக்கிக்கொள்வது. ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் அந்தக் கடையில் பதில் கிடையாது. "உங்க ஆளுங்க சரியா யூஸ் பண்ணல" என்பதோடு முடிந்துவிடும். சரியாக என்றால் எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஏற்றுமதி பேலட்டில் இன்னொரு நெருக்கடி உண்டு. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி, அதற்குரிய முத்திரை குத்தினால்தான் எங்கள் பேலட் கப்பலில் ஏறும். சூடேற்றுகிற அறைக்கு முன்கூட்டியே நாள் வாங்க வேண்டும். கன் படுத்ததால் பேலட் முடியவில்லை, பேலட் முடியாததால் அந்த நாள் தவறியது, நாள் தவறியதால் கண்டெய்னர் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் பில்லில் ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஷெட்டில் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து அழுதேன். ராத்திரி அவர் போனில் கூப்பிட்டு "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிடுவேன். அங்கே வெயிலில் நிற்கிற மனிதரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கன்னை எல்லாம் விற்றுவிட்டுச் சுத்தியலுக்கே போய்விடலாமா என்றும் யோசித்தேன்.

முதல் வெளிச்சம் கிடைத்தது டவுனில் ஒரு பஞ்சர் கடையில். ஸ்கூட்டி டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றபோது, அந்த அண்ணாச்சி கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருந்த சின்ன வால்வைத் திருகினார். புஸ்ஸென்ற சத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சியது. இது என்ன என்று கேட்டேன். "காத்துல உள்ள தண்ணிதான். நீங்க உங்க கம்ப்ரஸர்ல தண்ணி எடுக்கியளா, இல்லியா?" என்றார். நேராக ஷெட்டுக்கு வந்து எங்கள் டேங்கின் அடி வால்வைத் திறந்தேன். பால் கலந்த காப்பி மாதிரி ஒரு தண்ணீர், துருவும் எண்ணெயும் கலந்து, ஒரு வாளியில் பாதி வந்தது. அவ்வளவும் கன்னுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இதன் கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் எட்டில் ஒரு பங்கு இடத்துக்குச் சுருங்குகிறது. மறுபடி பழைய சூட்டுக்கு ஆறியதும் அந்தச் சின்ன இடத்தில் 4 கிராம்கூட ஆவியாக நிற்க முடியாது. மீதி எல்லாம் தண்ணீராகப் பிரிந்துவிடும். சித்திரை வெயிலில் காற்று காய்ந்து கிடப்பதால் தெரிவதில்லை, ஐப்பசி கார்த்திகையில் நாள் முழுக்கக் கம்ப்ரஸர் ஓடினால் லிட்டர் கணக்கில் சேரும். அந்தத் தண்ணீர் கன்னுக்குள் போய் நாம் விட்ட எண்ணெயைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. உலர்ந்த ஓ ரிங் சிலிண்டர் சுவரில் உரசி உரசித் தட்டையாகிறது. உள்ளே ஸ்பிரிங்குகளில் துரு பிடிக்கிறது. மத்தியானத்துக்கு மேல் ஆணி தூக்கி நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான். அடிக்க அடிக்க எண்ணெய் போய், பிஸ்டன் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

இப்போது தினமும் மாலை வேலை முடிந்ததும் டேங்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுகிறோம். மழைக்காலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு தடவை. காற்றை முழுக்க விட்ட பிறகு திறந்தால் தண்ணீரைத் தள்ள விசை இருக்காது. கம்ப்ரஸரைத் தகரச் சுவரை ஒட்டிய மூலையிலிருந்து, காற்று படுகிற, அறுப்பு மெஷினிலிருந்து தள்ளி இருக்கிற இடத்துக்கு மாற்றினோம். டேங்கிலிருந்து நேராகக் கன்னுக்கு வராமல், நடுவே கொஞ்ச தூரம் இரும்புக் குழாயில் காற்று ஆறி வரும்படி செய்து, அதன் கடைசியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் ரெகுலேட்டரும் போட்டோம். ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் கண்ணால் தெரியும். காற்று சூடாக இருக்கும் இடத்தில், கம்ப்ரஸருக்கு ஒட்டியே ஃபில்டரைப் போட்டால் தண்ணீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். குழாயும் ஃபில்டரும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள்தான் ஆயிற்று. முதலிலேயே இதைப் போட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்தது, கன்னை நானே திறந்து பார்த்தது. பெட்டியோடு வந்த ஒரு தாளில் எல்லாப் பாகத்தையும் பிரித்துப் படம் போட்டு எண் கொடுத்திருந்தார்கள். அதை மேஜையில் விரித்து வைத்து, எல்-கீயால் தலைப்பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினேன். பயமாகத்தான் இருந்தது. தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏர் ஹோஸைக் கழற்றாமல், ஆணிக் காயிலை வெளியே எடுக்காமல் கன்னில் கை வைக்கவே கூடாது. ஆணி சிக்கினால்கூட ஹோஸைப் பிடுங்கிவிட்டுத்தான். கன்னில் இருக்கும் இணைப்பு முனை காற்றை அடைக்காத வெறும் நிப்பிளாக இருக்க வேண்டும், அடைப்பு உள்ள கப்லர் என்கிற இணைப்பு ஹோஸ் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஹோஸைக் கழற்றியதும் கன்னுக்குள் இருக்கிற காற்று தானாக வெளியேறும். மாற்றி மாட்டியிருந்தால், கழற்றிய பிறகும் உள்ளே ஒரு ஆணி அடிக்கிற அளவுக்குக் காற்று நிற்கும். எங்களிடம் ஒரு கன்னில் அப்படித்தான் மாட்டியிருந்தது.

உள்ளே பார்த்ததை மறக்க முடியாது. பம்பரில் ஒரு பக்கம் கால் பங்கு உடைந்து காணவில்லை, மீதியில் நகத்தால் கீறினாலே தூளாக உதிர்ந்தது. மூக்கிலிருந்து விழுந்த ஆரஞ்சுப் பொடி அதுதான். பிஸ்டனின் ஓ ரிங் உருண்டையாக இல்லாமல் இரண்டு பக்கமும் பட்டையாகி, ஒரு இடத்தில் வெட்டு விழுந்திருந்தது. பிளேடின் முனையை போன் டார்ச்சில் பார்த்தேன். சதுரமாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டியது ஒரு மூலை மழுங்கிச் சரிந்து, பக்கவாட்டில் பிசிறு தள்ளியிருந்தது. அந்த முனை ஆணித் தலையை நடுவில் குத்தாமல் வழுக்கும். வழுக்கினால் ஆணி சாய்ந்து சிக்கும், இல்லையென்றால் பாதியில் நிற்கும். இதைத்தான் காற்று போதவில்லை என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். ஆணியை இறக்கத் தேவையானதற்கு மேல் இருக்கிற விசை ஆணிக்குப் போவதில்லை, பம்பருக்குத்தான் போகிறது. எங்கள் கன்னில் 8.3 பார், அதாவது 120 பி.எஸ்.ஐ. வரை என்று உடம்பிலேயே அச்சடித்திருக்கிறது. அது தாண்டக் கூடாத எல்லை, வேலைக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல. எண்ணெய் வற்றி, ஓ ரிங் தேய்ந்து, பிளேடு மழுங்கியதால் ஆணி இறங்காதபோது காற்றைக் கூட்டினால், அந்த மூன்று குறையும் அப்படியே உள்ளே இருக்க, பம்பரும் சேர்ந்து சாகிறது. பம்பர் போன பிறகு பிஸ்டன் உலோகத்தில் மோதுகிறது. 150 ரூபாய் ஓ ரிங்கில் முடிய வேண்டியது பிஸ்டன் செட்டில் போய் நிற்பது இப்படித்தான்.

இப்போது நாங்கள் செய்வது நேர் எதிர். அதே பலகை, அதே கட்டையில் துண்டு ஒன்றை எடுத்து, 5 கிலோ அழுத்தத்தில் ஆரம்பித்து, சில ஆணி அடித்துப் பார்த்து, அரை அரை கிலோவாகக் கூட்டுகிறோம். தலை பலகையோடு சமமாக உட்கார்கிற முதல் அளவிலேயே நிறுத்திவிடுகிறோம். பைன் மரத்துக்கு ஒரு அளவு, ரப்பர் மரத்துக்கு ஒரு அளவு, நாட்டுக் கருவேலக் கட்டை வந்தால் இன்னொரு அளவு. அந்த அளவுகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆணி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை மூக்குப் பக்கத்தில் உள்ள ஆழத் திருகால் சரிசெய்ய வேண்டும், ரெகுலேட்டரால் அல்ல. நேற்று வரை இறங்கிய ஆணி அதே மரத்தில், அதே அழுத்தத்தில் இன்று இறங்கவில்லை என்றால் கன்னில் ஏதோ தேய்ந்திருக்கிறது. ரெகுலேட்டரில் கை வைக்க ஷெட்டில் இப்போது யாருக்கும் அனுமதி இல்லை, என்னைக் கேட்க வேண்டும். மேஸ்திரி அண்ணாச்சிக்கு முதலில் அதில் வருத்தம்தான். உடைந்த பம்பரைக் கையில் கொடுத்ததும், "இதுக்குள்ள இவ்வளவு இருக்கா தாயி" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது என்னைவிட அவர்தான் கறார்.

ஹோஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவும் காற்று போதவில்லை என்கிற மாதிரியே தெரியும். மீட்டரில் முள் 6 கிலோ காட்டும், ஆனால் அது கன் சும்மா இருக்கும்போது. ஹோஸ் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், வேகமாக அடிக்கும்போது கன்னுக்குள் காற்று வந்து நிரம்புவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். பிஸ்டன் முழுதாக மேலே திரும்பாது. பிளேடு பாதி வழியில் நிற்கும்போது அடுத்த ஆணி குறுக்கே வந்து இடிக்கும். பிளேடு முனையில் மூளி விழுகிற வழிகளில் இது ஒன்று. ஒருவர் அடிக்கும்போது மீட்டர் முள்ளைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் முள் பெரிதாகக் கீழே விழுந்து எழுந்தால் குறை குழாயில் இருக்கிறது. நாங்கள் உள்விட்டம் 10 மில்லி ஹோஸுக்கு மாற்றி, ஒவ்வொரு கன்னுக்கும் தனிக் கிளை கொடுத்தோம். மூன்றாவது கன்னின் சிக்கல் பாதி அங்கேயே தீர்ந்தது.

எண்ணெய்க்கு வருவோம். ஏர் டூல் ஆயில் என்று கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 என்ற தரத்தில் லேசாக இருக்கும், சோப்புச் சத்து கலக்காதது. காலையில் ஹோஸ் மாட்டும் முன் நிப்பிளுக்குள் மூன்று நான்கு சொட்டு, மத்தியானம் மறுபடி அதே அளவு. கன்னைத் தலைகீழாகச் சாய்த்து விட்டால்தான் உள்ளே இறங்கும். பிறகு குறைந்த அழுத்தத்தில் ஒரு துண்டுக் கட்டையில் நான்கைந்து ஆணி அடித்தால் எல்லா இடத்துக்கும் பரவிவிடும். இன்ஜின் ஆயில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கனம், அதில் கலந்திருக்கும் வேதிப் பொருள்கள் ரப்பருக்கு ஆகாது. கம்ப்ரஸர் ஆயிலும் இதற்குக் கனம்தான். எங்கள் பையன் ஒருவன் எண்ணெய் தீர்ந்த அன்று தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டான். சில நாளில் அது மரத்தூளோடு சேர்ந்து பிசினாகி ட்ரிகர் வால்வு ஒட்டிக்கொண்டது. துரு விடுவிக்கும் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம், அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பெயிண்ட் தின்னர் கிட்டேயே வரக் கூடாது, ஓ ரிங் ஊதிப் பெருத்துவிடும். நிறைய விட்டால் நல்லது என்பதும் இல்லை. வெளியேறும் காற்றில் எண்ணெய் தெறித்துப் பலகையில் கறை விழும், உள்ளே தூசி ஒட்டும். மெல்லிய ஆணி அடிக்கிற சில பிராட் கன்களில் எண்ணெய் தேவையில்லை என்றே எழுதியிருக்கும், அதில் விடாதீர்கள்.

வெற்று அடி. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். காயில் தீர்ந்தது தெரியாமல் ஆள் டக் டக்கென்று அடித்துக்கொண்டே போவார். ஆணி இல்லாத அடியில் முழு விசையையும் பம்பர்தான் வாங்க வேண்டும். காயில் தீர்ந்தால் தானாக நிற்கிற பூட்டு சில கன்களில் உண்டு, எங்களுடையதில் கிடையாது. சத்தம் மாறுவதைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆணி போகிற அடியின் சத்தம் அடங்கியிருக்கும், வெற்று அடி கணீரென்று கேட்கும். அதே மாதிரி விளையாட்டுக்குக் கட்டையில் வைத்து அழுத்திப் பார்ப்பது, காற்றில் சுடுவது எல்லாம் அடியோடு நிறுத்தம். மூக்கு அழுந்தினால் மட்டும் சுடும்படி இருக்கிற பாதுகாப்புக் கம்பியை வேகத்துக்காகக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. உயிருக்கே ஆபத்து. அதைச் செய்கிற ஆளை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

பழைய பேலட் ரிப்பேர் வேலையும் நாங்கள் எடுப்போம். அதில்தான் பிளேடுகள் அதிகம் போயின. கட்டைக்குள் முறிந்து கிடக்கிற பழைய ஆணியின் மேல் புது ஆணி போய் முட்டினால் பிளேடு முனை சில்லு தெறிக்கும். ஆணியும் எகிறும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலை பார்க்கவே கூடாது. பழைய ஆணிக் குழியிலிருந்து இரண்டு விரல் தள்ளி அடிப்பது என்று வைத்த பிறகு அந்தச் செலவு கண்ணில் தெரிகிற அளவு குறைந்தது. லேசாக மழுங்கிய முனையைச் சாணைக் கல்லில் சதுரமாகத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கித்தான் தேய்க்க வேண்டும், முனை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் கடினம் போய்விடும். ஒவ்வொரு திருத்தலுக்கும் பிளேடு குட்டையாகிறது, ஆணி அந்த அளவு தூக்கி நிற்கும். அப்போது புதிய பிளேடு போடுவதுதான் வழி, ரெகுலேட்டரைத் தொடக் கூடாது.

ஆணியும் கன்னைத் தின்னும். ஒரு தடவை விலை குறைவு என்று வந்த காயிலில் ஆணித் தலைகள் ஒரே அளவில் இல்லை, இணைப்புக் கம்பியின் வெல்டும் ஒழுங்கில்லை. அந்தக் கம்பித் துணுக்குகள் மூக்குக்குள் சேர்ந்து, ஆணியை இழுக்கிற கொக்கியைப் பாதியில் தடுத்தன. இப்போது ஒவ்வொரு காயில் மாற்றும்போதும் மூக்குக் கதவைத் திறந்து, பழைய டூத் பிரஷ்ஷால் துணுக்குகளைத் தட்டிவிடுகிறோம். கன்னில் எழுதியிருக்கிற கம்பித் தடிமன், நீளம், கோணம் மூன்றும் பொருந்தினால்தான் வாங்குவது. ஆணிப் பெட்டிகளைத் தரையில் வைப்பதும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி தண்ணீர் எங்கெல்லாம் வந்தது என்று பார்த்த பிறகு எல்லாச் சரக்கும் மேல்தட்டுக்குப் போய்விட்டது. ஈரம் ஏறித் துருப் பிடித்த ஆணி சுலபமாக நகர்ந்து வராது, கொக்கியின் ஸ்பிரிங் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாட்களில் கழற்றி வைத்த கன்னின் நிப்பிளுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு வையுங்கள். மண் ஒரு துளி உள்ளே போனாலும் சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

காற்று எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்டாலே எந்தப் பாகம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கன் சும்மா இருக்கும்போது தலைப்பக்கக் காற்று வெளியேறும் துளையில் சீறினால் தலை வால்வின் ஓ ரிங். ட்ரிகர் பக்கம் சீறினால் ட்ரிகர் வால்வு. மூக்குப் பக்கம் வந்தால் பம்பர், அல்லது மூக்கைப் பிடிக்கிற போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். அடிக்கிற அதிர்ச்சியில் போல்ட்டுகள் தானாகவே கழலும். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் எதிரெதிர் மூலையாக ஒரே அளவில் இறுக்குகிறோம். கசிவே இல்லாமல் ஆணி மட்டும் ஒன்று விட்டு ஒன்று விழுந்தால் மூக்கில் அழுக்கு, கொக்கி, ஸ்பிரிங், பிஸ்டன் ஓ ரிங் என்ற வரிசையில் பாருங்கள். அழுக்கு செலவில்லாதது, முதலில் அதைப் பார்த்துவிட்டால் நல்லது.

அடுத்த மழைக்காலத்தை அதே மூன்று கன்னோடுதான் ஓட்டினோம். ஓ ரிங் கிட்டும் ஒரு பிளேடும் மாற்றினேன், மேஜையில் உட்கார்ந்து நானே. பார்சல் போகவில்லை, கண்டெய்னர் தவறவில்லை. அவர் போன் செய்தபோது நடந்ததை எல்லாம் முதல்முறையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நகையை எப்போது திருப்பலாம் என்று கேட்டார்.

புதிதாகக் கன் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். அந்த மாடலுக்குப் பம்பரும் பிளேடும் ஓ ரிங்கும் தனித்தனியாகக் கிடைக்குமா, கடையில் இப்போதே எடுத்துக் காட்ட முடியுமா என்று. செட்டாகத்தான் வரும் என்றால் வேறு மாடல் பாருங்கள். ஒரு ஓ ரிங் கிட், ஒரு பம்பர், ஒரு பிளேடு, கொக்கி ஸ்பிரிங் இரண்டு, இவற்றைக் கன்னோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பாகப் படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். உதிரி பாகம் ஏதாவது தீர்ந்திருந்தால் புரட்டாசியிலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள். மழை பிடித்த பிறகு பார்சல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.